ஏலக்காய் போடாத பாயசம்

இந்திராணி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெரிய துண்டை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி நிற்கிறேன். எனக்கு எதிரே சரிவு முழுக்க ஏலச் செடிகள். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. பின்னால், எவர்சில்வர் டம்ளருக்குள் பால் பீய்ச்சி விழும் சத்தம் கேட்கிறது.

அந்தச் சுவர் எங்கள் பண்ணையின் ஏலக்காய் ஸ்டோருடைய பின்சுவர். பறித்த காயை உள்ளே பரப்பி, இரவும் பகலும் அடுப்புப் போட்டு உலர்த்துவார்கள். அதனால் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஓட்டு இடுக்கு வழியாக இறங்கும் ஏலக்காய் வாசனை தலைமுடியிலும் சேலையிலும் ஏறிக்கொள்ளும்.

"முடிஞ்சுச்சாடி?"

"இன்னும் கொஞ்சம்க்கா. கல்லு மாதிரி கட்டிக்கிட்டுக் கெடக்கு."

"வெரசா ஆகட்டும். மேஸ்திரி இந்தப் பக்கம்தான் வருவாரு."

"வந்தா கண்ண மூடிக்கிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரித்த கையோடு விசும்பினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டு பிடிக்கிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு.

அதே நேரத்தில் கீழே போடிநாயக்கனூரில், வாடகை வீட்டுத் தொட்டிலில், அவள் மகள் உமா புட்டிப்பாலைத் துப்பிக்கொண்டு கிடப்பாள். பால் மலைமேலும் பிள்ளை மலைக்குக் கீழேயுமாகக் கிடந்த காலம் அது. எழுபதுகள் முடியப் போகிற நேரம்.

கலியாணம் செய்து வைக்கிற சோலி

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணை போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. அலுவலகம் கீழே ஊரில். விடிவதற்கு முன்னால் ஜீப்பு கிளம்பிவிடும். மாலையில் திரும்பினால் உண்டு, திரும்பாவிட்டால் கேட்க நாதியில்லை. விஞ்ஞானிகள் என்ற பெயரில் அங்கே இருந்தவர்களில் நானும் இந்திராணியும் மட்டும்தான் பெண்கள். நான் மூத்தவள். அவள் சேர்ந்து சில வருஷமாகியும் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஏலச்செடிக்கு கட்டே என்றொரு நோய் வரும். இளம் இலையில் வெளிறிய கோடுகள் விழும். செடி குறுகிப் போகும். பிறகு காய்க்காது. அசுவினி என்னும் சின்னப் பூச்சிதான் அதை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு போகும். மருந்து கிடையாது. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

இந்திராணி வேலைக்கு வந்த புதிதில், முழுதும் செத்துக் கிடந்த ஒரு சரிவில் ஒரே ஒரு தூர் மட்டும் பச்சையாக நிற்பதைக் கண்டுபிடித்தாள். அதன் பூந்தூளை எடுத்து நன்றாகக் காய்க்கும் வேறொரு செடியின் பூவில் வைத்தாள். கிடைத்த விதையை முளைக்கப் போட்டு, நாற்றாக்கி, நட்டு, வருஷக் கணக்கில் காத்திருந்தாள். இதற்கு நடுவில் கலியாணம் ஆனது, வயிற்றில் பிள்ளை வந்தது. அந்தக் கன்றுகள் முதல் பூ விட்ட பருவமும் உமா பிறந்த பருவமும் ஒன்றாக வந்து தொலைத்தன.

ஏலப்பூ விடியலில் விரியும். அதற்கு ஆயுசு ஒரே நாள். வெயில் ஏறுவதற்குள் போய்ப் பூந்தூள் வைத்து, நூல் கட்டி, பை மாட்டிவிட வேண்டும். காய் எடுக்க வரும் பெண்கள் அதைக் கேலி செய்வார்கள். "இந்திராணியம்மா கலியாணம் பண்ணி வைக்கப் போறாக. மேளம் கொண்டாங்கடி" என்பார்கள். அவளும் சளைக்காமல், "பொண்ணு மாப்ள ரெண்டும் தயாரு, மொய் எழுத ஆளத்தான் காணும்" என்பாள்.

உமா வயிற்றில் இருந்தபோது சொன்ன பேச்சு அது. பிறந்த பிறகு அந்தக் கேலி அவள் காதில் விழுந்தாலும் பதில் வராது. லீவு முடியும் முன்பே, உடம்பு தேறும் முன்பே, பூவுக்காக ஓடி வந்தவள் அவள். தவறவிட்டால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அவளை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று முடிவாகிவிடும். அவளுடைய வேலை, பேர், படித்த படிப்பு எல்லாம் அந்தப் பாத்தியில்தான் நின்றுகொண்டிருந்தன.

போடி அம்மா

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் துண்டு பிடித்தேன் என்பது விளங்காது.

என் மகன் மதுரையில் என் அக்கா வீட்டில் வளர்ந்தான். சனிக்கிழமை மத்தியானம் போடியில் ரயில் ஏறுவேன். அந்த ரயில் தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று ஒவ்வோர் ஊரிலும் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போகும். நான் போய்ச் சேரும்போது பிள்ளை சாப்பிட்டிருப்பான். என் பையிலிருந்து வரும் ஏலக்காய் வாசனையைப் பிடித்துக்கொண்டு, "போடி அம்மா வந்துட்டாங்க" என்று கத்துவான். என் அக்காவுக்கு வெறும் 'அம்மா'. எனக்கு ஊர்ப்பெயர் சேர்த்த அம்மா.

ஒரு தரம் அவனுக்குக் காய்ச்சல் அடித்தபோது தூக்கத்தில் "அம்மா" என்றான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "என்னப்பு?" என்று குனிந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க இல்ல" என்றான்.

அதற்கு அவனை என்ன சொல்ல முடியும்? அடுத்த நாள் ரயிலில் வந்து, திங்கட்கிழமை வழக்கம்போல ஜீப்பு ஏறினேன். இந்திராணிக்காவது இந்தக் கதி வரக் கூடாது என்று நினைத்தேன். நினைத்ததெல்லாம் நடக்கவா செய்கிறது?

ஆளுக்கொரு கதவு

முதலில் எங்கள் அதிகாரியிடம் போனேன். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எல்லோருக்கும் பொங்கலுக்குக் கரும்பு அனுப்புகிற மனிதர்.

மலைமேல் பண்ணையிலேயே ஒரு குவார்ட்டர்ஸ் காலியாகக் கிடந்தது. எலியும் சிலந்தியும்தான் குடியிருந்தன. அதை இந்திராணிக்குக் கொடுத்தால் பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாளே என்றேன்.

"அது குடும்பஸ்தருக்கு உள்ளதும்மா" என்றார்.

"அவளுக்குக் குடும்பம் இல்லாமலா சார் கொழந்த வந்துச்சு?"

"குடும்பத் தலைவர் பேர்லதாம்மா குடுக்கணும். அவங்க வீட்டுக்காரர் நம்ம ஆபீஸ் இல்லையே."

வீட்டுக்காரர் முருகேசன் போடியில் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனுஷன், அமைதியானவர். ஆனால் அந்த அமைதியால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

சரி, மத்தியானம் ஒரு ஜீப்பாவது கீழே போகட்டும் என்றேன். பெட்ரோல் இல்லை என்றார். பீய்ச்சி வைக்க, மறைவாக ஒரு அறையாவது ஒதுக்குங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் காது சிவந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு பாவம், கஷ்டப்படுது. நான் வேணா ஒண்ணு பண்றேன். மலை வேலைய வேற யாராச்சும் பாக்கட்டும். அவங்க கீழ ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில ஒக்காந்து வெத எண்ணட்டும்."

இந்தக் கருணை இருக்கிறதே, இதைவிட வாயில் வந்தபடி திட்டியிருந்தால் தேவலை. வேறு யாராவது என்றால், பாத்தியும் வேறு யாருடையதாகவோ ஆகிவிடும். இந்திராணியிடம் சொன்னேன். "வெத எண்ணுறதுக்கு நான் எதுக்குக்கா அம்புட்டுப் படிச்சேன்?" என்றாள்.

அடுத்தது, பக்கத்துத் தனியார் எஸ்டேட்டின் பிள்ளைக் கொட்டகை. தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் ஆயா உண்டு. கட்டாயம் வைக்க வேண்டும் என்று சட்டமாம். காய் எடுக்கிற பெண்ணுக்கு இருந்த அந்த உரிமை, ஆராய்ச்சி செய்கிற பெண்ணுக்கு இல்லை. ஏனென்றால் நாங்கள் எஸ்டேட் அல்ல, ஆபீஸ். அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மலையாளி, நல்லவர். "குட்டியக் கொண்டு வாங்க சேச்சி, ஒரு தொட்டில் கூடக் கட்டுனா என்ன நஷ்டம்?" என்று சொல்லிவிட்டார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இந்திராணியின் மாமியார்தான் ராசிங்காபுரத்திலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டம், கிணறு, பம்புசெட்டு என்று வாழ்ந்த குடும்பம். விஷயத்தைச் சொன்னதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார்.

"என்ன பேச்சு பேசுறீக? எங்க வீட்டுப் புள்ள, ஏலக்காட்டுக் கூலிக்காரக புள்ளைகளோட ஒரே கொட்டாயில கெடக்கவா? ஊருக்குள்ள நாங்க தலநிமிந்து நடக்க வேணாமா?"

"அங்க பால் குடுக்கலாம் அத்தே. மணிக்கு ஒருக்கா ஓடிப் போய்க் குடுத்துட்டு வந்துருவேன்" என்றாள் இந்திராணி.

"பால் குடுக்கணும்னு ஆசையிருந்தா வீட்டுல இரு ஆத்தா. யாரு ஒன்ன மல ஏறச் சொன்னா?"

முருகேசன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரம்தான் அப்படிப் பார்ப்பார் என்று நானும் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை.

பேச்சியம்மா சொன்ன இடம்

ஆகக் கடைசியில் எஞ்சியது ஸ்டோரின் பின்சுவரும், ஒரு டம்ளரும், என் துண்டும்தான்.

கொஞ்ச நாளில் ஒரு கூத்து நடந்தது. வேலையின் நடுவே ஸ்டோரிலிருந்து காற்று அடித்து ஏலக்காய் வாசனை வந்தால் போதும், இந்திராணிக்கு மார் கனத்துப் பால் தானாக வழிய ஆரம்பிக்கும். ரவிக்கை நனைந்துவிடும். அதை மறைக்கப் பூப்பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாள். "என் ஒடம்புக்கு உமா வாசன மறந்துபோச்சுக்கா. இந்த வாசனைதான் புள்ளைனு நெனச்சுக்கிருச்சு" என்று ஒரு நாள் சொன்னாள்.

பீய்ச்சிய பாலைக் கீழே கொண்டுபோகவும் வழியில்லை. மாலைக்குள் திரிந்துவிடும். முதல் நாள் அதைச் சாக்கடை ஓரம் ஊற்றப் போனவளைக் காய் எடுக்கும் பேச்சியம்மா தடுத்தாள்.

"ஆத்தாடி! என்ன தாயி பண்றீக? தாய்ப்பாலக் கால்மிதி படுற எடத்துல ஊத்தலாமா? மாரு வத்திப் போகும். பச்சச் செடி மூட்டுல ஊத்துங்க. புள்ளைக்கும் நல்லது."

எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் என் காலத்தில் வீட்டு முருங்கைக்கு ஊற்றியவள்தான். இந்திராணியும் ஊற்றினாள். கைக்கு அருகில் இருந்த செடி எது? அவளுடைய பாத்தியின் ஓரத்தில் நின்ற தூர்கள்தான். வேறொருவர் பாத்தியில் போய் ஊற்றுவாளா?

ஊற்றும்போது அவள் உதடு அசையும். என்ன சொல்கிறாள் என்று கேட்டதில்லை. படித்தவள், பட்டம் வாங்கியவள், இதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைக்குப் போக வேண்டிய பால். தரையில் கொட்ட எந்தத் தாய்க்கு மனசு வரும்?

மேஸ்திரியின் பெருமை

மழை ஓய்ந்து குரங்கணிப் பக்கம் வானம் வெளுக்க ஆரம்பித்த சமயத்தில், மேலிடத்திலிருந்து ஆட்கள் பண்ணையைப் பார்வையிட வந்தார்கள். இந்திராணியை நிரந்தரம் செய்வதும் அவர்கள் கையில் இருந்தது.

அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்னால்தான் அவள் பாத்தியின் ஓரத்தில் ஒரு சில தூர்களின் இலையில் அந்த வெளிறிய கோடு தெரிந்தது. அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆனால் மீதி முழுக்கப் பச்சையாகத்தான் நின்றது. கட்டே புகுந்தும் மீதி நிற்கிறது என்றால் அது நல்ல சேதிதானே? இன்னும் ஒரு வருஷம் விட்டுப் பார்த்தால் எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்துவிடும். அதைத்தான் அவர்களிடம் கேட்கப் போவதாகச் சொன்னாள்.

வந்தவர்களில் தலைவராக இருந்தவர் குனிந்து அந்தத் தூரின் அடியைப் பார்த்தார். எறும்பு சாரைசாரையாக ஊர்ந்தது.

"இங்க மட்டும் ஏன் இவ்வளவு எறும்பு?"

எங்கள் மேஸ்திரி மாடசாமி அண்ணன், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். இந்திராணியைத் தன் மகளைப் போல நினைத்த மனிதர். வந்தவர்கள் முன்னால் அவளைப் பற்றி நாலு வார்த்தை உயர்வாகச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து காத்திருந்திருக்கிறார்.

"சார், இது எங்க இந்திராணியம்மா தாய்ப்பால் ஊத்தி வளத்த செடிங்க. தெனமும் தவறாம ஊத்துவாக. இந்த மலையில வேற எந்தச் செடிக்கு இந்தக் குடுப்பின இருக்கு?"

வந்தவர்களில் ஒருவர், "அப்ப காய்க்கெல்லாம் பல்லு மொளச்சிருக்குமே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் சிரித்தார்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஊத்தினீங்களா?"

"ஊத்துனேன் சார்."

"எல்லாச் செடிக்குமா?"

"இல்ல சார். இந்த ஓரத்துக்கு மட்டும்."

எறும்பு அசுவினியை மாடு மேய்ப்பதுபோல வைத்துக் காப்பாற்றும். அசுவினி கட்டேயைக் கொண்டுவரும். இது எங்கள் தொழிலில் பாலபாடம். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்தது.

"இதனால நோய் வந்திருக்குமா?"

சம்பந்தமே இல்லை சார் என்று ஒரு வார்த்தை. அங்கே நின்ற எந்த ஆணாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான், சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். சொல்லுடி, சொல்லித் தொலைடி என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

இந்திராணி அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வந்திருக்காதுன்னு சொல்ல முடியாது சார்."

அதுதான் சரியான பதில். விஞ்ஞானம் தெரிந்தவள் அப்படித்தான் சொல்ல முடியும். அந்த ஒரு சரியான பதிலால் அவள் போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கீழ் சரிவுல இன்னொருத்தர் பாத்தி இதவிட மோசமா மஞ்சளாக் கெடக்கு. அங்க யாரு சார் பால் ஊத்துனது?" என்று கேட்டேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் பதில் இல்லை. 'ரெண்டு பொம்பளைகளும் சேந்துக்கிட்டு' என்பதுதான் இருந்தது. யாரும் கீழ் சரிவுக்கு இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு பகுதிக்கு மட்டும் வெளிப்பொருள் சேர்ந்ததால் சோதனை செல்லாது, நோய் பரவாமல் இருக்கப் பாத்தி முழுவதையும் அப்புறப்படுத்தவும் என்று உத்தரவானது.

பிடுங்கிய நாள்

பச்சையாக நின்றதையாவது விட்டுவைக்கச் சொல்லி நான் அலையாத இடமில்லை. "ஒங்களுக்குப் பாசம் கண்ண மறைக்குதும்மா" என்றார் அதிகாரி.

அன்றைக்கு மாமியார் ஏதோ விசேஷத்துக்கு ராசிங்காபுரம் போயிருந்தார். அதனால் இந்திராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் வந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உமா பிறந்து முதன்முதலாக மலை ஏறியது அன்றைக்குத்தான்.

ஒரு சாக்கை விரித்து அவளை உட்கார வைத்தோம். ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள், யாரும் முதல் வெட்டு வெட்டவில்லை. மேஸ்திரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். பேச்சியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "நாந்தானே தாயி சொன்னேன், நாந்தானே சொன்னேன்" என்று அழுதாள்.

"நீ என்ன பண்ணுவ பேச்சியக்கா" என்று சொல்லிவிட்டு இந்திராணி சேலையைத் தூக்கிச் செருகினாள். முதல் தூரைத் தானே இரண்டு கையாலும் பிடித்து அசைத்து இழுத்தாள். ஏலம் அவ்வளவு சுலபத்தில் வராது. இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தாள். வேரோடு வந்தபோது பின்னால் சாய்ந்து விழப் போனாள், நான் பிடித்துக்கொண்டேன். மண்ணும் ஏலமுமாக வாசனை குப்பென்று அடித்தது. அவள் ரவிக்கை நனைந்தது. அன்றைக்கு அவள் அதை மறைக்கவில்லை.

தூரின் அடியில் பூச்சரத்தில் கடைசிப் பூக்கள் இருந்தன. உமா தவழ்ந்து போய் அதில் ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளைக்குப் பசி. இந்திராணி அப்படியே மண் கையோடு உட்கார்ந்து பால் கொடுத்தாள். அந்த மலையில் அவள் தன் பிள்ளைக்குக் கொடுத்த ஒரே பால் அது. சுற்றிலும் செடிகள் விழுந்துகொண்டிருந்தன.

வேலை நிரந்தரமாகவில்லை. நீட்டிப்பு கேட்டு எழுதலாம், நான் கூட வருகிறேன் என்று அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"வேணாம்க்கா. புள்ளையயும் பாக்கல, செடியையும் பாக்கலன்னு ரெண்டு பக்கமும் பேரு வாங்கியாச்சு. இனிமே யாரு என்ன சொன்னாலும் என் காதுல அதுதான் விழும்."

"அது பொய்டி."

"நீங்க சொல்றீக. எனக்குத் தெரியலையே. அந்தச் செடி என் பாலால செத்துச்சா இல்லையான்னு யாருமே பாக்கலையே. பாக்குறதுக்குள்ள புடுங்கிட்டாகளே."

அப்புறம் அவர்கள் ராசிங்காபுரத்துக்கே குடிபோய்விட்டார்கள்.

பூட்டிய அறை

எண்பதுகளில் எப்போதோ, நான் விடாமல் எழுதிப் போட்ட மனுக்கள் எந்த மேசையில் ஊறிக் கிடந்தனவோ, பண்ணையில் தாய்மார் அறை ஒன்று கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கட்டினார்கள். வாசலில் தகரப் பலகைகூட மாட்டினார்கள். உள்ளே தொட்டில் மாட்டக் கொக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் ஜீப்புக்குள் வந்து உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் அதற்குள் மலை வேலைக்குப் பெண்களை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நேர்முகத் தேர்வில் வரும் பெண்களிடம், "கலியாணம் எப்போ?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இந்திராணி கதை அலுவலகத்துக்கு அலுவலகம் போயிருந்தது. தாய்ப்பால் ஊற்றி ஆராய்ச்சியைக் கெடுத்தவள் என்று, அவளைப் பார்த்தே இராதவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த அறையில் செடிக்கு அடிக்கும் மயில்துத்த மூட்டைகளை அடுக்கிப் பூட்டினார்கள். தொட்டில் கொக்கியில் மூட்டை எடை போடும் தராசைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

ராசிங்காபுரம்

உமா பெரியவளாகிச் சடங்கு வைத்தபோது எனக்குப் பத்திரிகை வந்தது. போனேன். போடியிலிருந்து டவுன் பஸ்சில் கொஞ்ச நேரம்தான். அத்தனை வருஷமும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் இருந்திருக்கிறாள்.

வாசலில் பந்தல், ஒலிபெருக்கி, முறைமாமன்கள் கொண்டுவந்த சீர்த்தட்டுகள். இந்திராணி உடம்பு பெருத்து, கை நிறைய வளையலோடு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா, வாங்கக்கா" என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. சோளம், பருத்தி, மாடு என்று வீட்டு விவசாயத்தை அவள்தான் பார்க்கிறாளாம். மாமியார் படுக்கையில். முருகேசன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

பந்தியில் பாயசம் வைத்தார்கள். டம்ளரில் வாங்கி ஒரு வாய் குடித்தேன். ஏதோ குறைந்தது. இன்னொரு வாய் குடித்த பிறகுதான் பிடிபட்டது. ஏலக்காய் இல்லை.

போடிக்குப் பக்கத்தில், ஏல வாசனையில் ஊரே ஊறிக் கிடக்கும் சீமையில், ஒரு விசேஷ வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய் இல்லை. சமையல்காரர் மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

பட்டுப் பாவாடையும் மாலையுமாக உமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா மாதிரியே கண்.

"என்ன பெரியம்மா, ஏலக்கா இல்லன்னு பாக்குறீகளா? எங்க வீட்டுல எதுலயும் போட மாட்டோம். அம்மாவுக்கு அந்த வாசனையே ஆகாது. பக்கத்து வீட்டுல வறுத்தாக்கூட நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உள்ள போயிருவாக."

"அப்படியா?"

"ஏன்னு கேட்டா சொல்லவே மாட்டேங்குறாக. நீங்க எங்கம்மாவோட முன்னாடி பழக்கம்ல? ஒங்களுக்குத் தெரியுமா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ப் பந்தியில் சாம்பார் வாளியோடு இந்திராணி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். தலையை லேசாக, மிக லேசாக, அசைத்தாள். வேண்டாம்.

எதற்காக மறைத்திருக்கிறாள் என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. தான் மலையில் என்ன வேலை பார்த்தாள் என்று சொன்னால், அது ஏன் போயிற்று என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், என்னாலதானாம்மா என்று இந்தப் பிள்ளை ஒரு நாள் கேட்பாள். அந்தக் கேள்வி மகள் வாயிலிருந்து வராமல் இருக்க, அவள் தன் படிப்பு முழுவதையும் மகளிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

இந்த முறையும் நான் துண்டு பிடித்தேன்.

"தெரியாதும்மா" என்றேன்.

டம்ளரில் மிச்சமிருந்த பாயசத்தைக் கீழே வைக்க மனசு வரவில்லை. முழுவதையும் குடித்து முடித்தேன்.